சூடேறி நின்றுபோன ஸ்னோமொபைல் எஞ்சின்: பிரித்துச் செய்வதா, வேறு எஞ்சின் போடுவதா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் மற்றவர்களுக்கும் விளங்கும்படி சுருக்கிவிடுகிறேன். 2005 ஸ்கீ-டூ ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி), 600 எச்.ஓ. எஞ்சின், கார்புரேட்டர் வகை, போன இலையுதிர் காலத்தில் பாவித்ததாக வாங்கியது. பெப்ரவரியில் சிம்கோ ஏரியில் மீன் பிடிக்கப் போனபோது, காற்று பனியையெல்லாம் வழித்துக்கொண்டு போன வெறும் ஐஸ் மேல் நீண்ட தூரம் ஓட்டியிருக்கிறீர்கள். சூட்டு விளக்கு எரிந்தது, கரை கண்ணுக்குத் தெரிகிறதே என்று தொடர்ந்து ஓட்டினீர்கள், இழுவை குறைந்து எஞ்சின் தானாக நின்றது. ஆறிய பிறகு ஸ்டார்ட்டர் கயிறு இழுபடுகிறது, முன்பைவிட லேசாகவே இழுபடுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. ஒரு மெக்கானிக் எஞ்சின் முடிந்துவிட்டது, வேறு போடுங்கள் என்கிறார். இன்னொருவர் பிஸ்டன் மாற்றினால் போதும் என்கிறார்.

இரண்டு பேருமே திறந்து பார்க்காமல் சொன்னது. அதனால் இப்போதைக்கு இரண்டையும் ஒதுக்கி வையுங்கள். என் கருத்து இதுதான்: ஹெட், சிலிண்டர், பிஸ்டன் என்று மேலே உள்ளவை எவ்வளவு கெட்டிருந்தாலும் அவற்றைச் சரிக்கட்டலாம், செலவும் தாங்கக்கூடியது. எஞ்சினை வைத்திருப்பதா தூக்கிப் போடுவதா என்பதைத் தீர்மானிப்பது கீழே கிடக்கும் கிராங்க், அதாவது பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு. எந்த முடிவுக்கு வந்தாலும், சூடேறியதன் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதிதாகப் போட்டால் அதுவும் இதே வழியில் போய்விடும்.

அதற்கு முன் ஒரு அவசர வேலை. பெப்ரவரியிலிருந்து எஞ்சின் அப்படியே கிடக்கிறது என்றால், ஹெட் ஓரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) வழியாகக் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) உள்ளே இறங்கியிருக்கவும் இடமுண்டு. கிராங்க் பெயரிங்குகளைத் துரு தின்ன மாதக்கணக்கில் ஆகாது. இன்றைக்கே இரண்டு பிளக்கையும் கழற்றி, துளை வழியாகக் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஒயில் விட்டு, கயிற்றை மெதுவாகச் சில தரம் இழுத்து எஞ்சினைச் சுற்றிவிடுங்கள். துளையிலிருந்து பச்சையாகவோ செம்மஞ்சளாகவோ தண்ணீர்ப் பதத்தில் ஏதாவது தெறித்தால் மேலே படிக்கிறதை நிறுத்திவிட்டு ஹெட்டைக் கழற்றத் தொடங்கலாம்.

சரி, ஏன் சூடேறியது? காரில் உள்ளதுபோல முன்னால் ஒரு ரேடியேட்டரும் விசிறியும் உங்கள் வண்டியில் இல்லை. எஞ்சினைச் சுற்றி வரும் கூலன்ட், டிராக் (வண்டியை ஓட்டும் ரப்பர் பட்டை) சுழலும் அந்த அலுமினிய டனலில் பொருத்தியிருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர்களுக்குள் ஓடித் திரும்புகிறது. டிராக் கிளப்பி எறியும் பனி அதன் அடியில் அடித்து உருகும்போதுதான் சூடு வெளியே போகிறது. வெளியே −20 என்றாலும், பனி மேலே அடிக்கவில்லையென்றால் வெறும் குளிர்காற்று அந்தச் சூட்டைத் தாங்காது. கரையிலிருந்து ஏரிக்குள் போகப் போகக் காற்று பனியைத் துடைத்துவிடும், கண்ணாடி மாதிரி ஐஸ்தான் மிஞ்சும், அங்கே டிராக் கிளப்புவதற்கு ஒன்றும் இல்லை. அதிகம் பேர் ஓடி இறுகிப்போன பாதைகளிலும் இதே கதைதான். டிராக் ஓடும் பிளாஸ்டிக் ஸ்லைடர்களும் பனியின் ஈரத்தில்தான் வழுக்கி ஓடுகின்றன, அதனால் அன்றைக்கு பிளாஸ்டிக் கருகிய வாடை வந்திருந்தால் அவற்றையும் பாருங்கள், உருகித் தேய்ந்திருக்கும்.

ஆனால் ஐஸ்தான் குற்றவாளி என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். நல்ல நிலையில் உள்ள வண்டி வெறும் ஐஸில் சூடேறும், உண்மை, ஆனால் விளக்கு எரிய எவ்வளவு நேரமானது என்பது வேறு வேறு காரணங்களைக் காட்டும். ஏரிக்குள் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே எரிந்ததென்றால் கூலன்ட் குறைவு, காற்று அடைப்பு, திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த பம்ப் என்று முன்பே ஏதோ இருந்திருக்கிறது. வாங்கும்போது கூலன்ட் போத்தலில் மட்டம் பார்த்தீர்களா? நிறம் என்ன? பழைய சொந்தக்காரர் கோடையில் வெறும் தண்ணீர் ஊற்றி வைத்த வண்டிகளும் சந்தைக்கு வருகின்றன, அது முதல் குளிரிலேயே உறைந்து எங்காவது வெடிப்பை உண்டாக்கியிருக்கும். எதிலீன் கிளைக்காலும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய −37 வரை உறையாது, ஒன்ராறியோவின் தென்பகுதிக்கு இது தாராளம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் குழம்புகிறார்கள். அந்த விளக்குக் கூலன்டின் சூட்டை மட்டும்தான் அறியும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனை உருக்குகிற சூடு பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து வருகிறது: பெற்றோல் குறைந்து காற்று கூடிய கலவை, மெக்கானிக்குகள் லீன் என்பது அதைத்தான். கோடை முழுக்கப் பெற்றோலோடு நின்ற கார்புரேட்டரில் ஜெட் அடைத்துக்கொள்கிறது, கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் பூட்டில் கீறல் விழுந்து அந்த வழியாகக் காற்று உள்ளே போகிறது, கிராங்க் சீல் கசிகிறது, குளிர் கூடும்போது காற்று அடர்த்தியாகிறது ஆனால் ஜெட் பழையபடியே இருக்கிறது. இப்படி ஏதாவதொன்றில் ஒரு பிஸ்டன் உருகி ஓட்டை விழுந்தாலும் கூலன்ட் விளக்கு எரியாமலே இருக்கலாம். மறுபக்கமாக, கூலன்ட் முழுக்கப் போய்விட்டால் சென்சார் தண்ணீரில் இல்லாமல் வெறும் ஆவியில் நிற்கும், அப்போது உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். ஆக விளக்கு எரிந்தது உங்களுக்கு ஒரு தகவல், அவ்வளவுதான், தீர்ப்பு இல்லை.

திறப்பதற்கு முன் இரண்டு சோதனை. ஒன்று கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம். கயிறு லேசாக இழுபடுகிறது என்று நீங்கள் சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது, அது குறைந்த கம்ப்ரஷனின் அறிகுறி. கடன் வாங்கியாவது ஒரு கேஜ் எடுத்து, இரண்டு பிளக்கையும் கழற்றி வைத்து, கழற்றிய பிளக் மூடிகளை எஞ்சினோடு தொடுத்து, திராட்டிலை முழுக்கப் பிடித்துக்கொண்டு, ஊசி இதற்குமேல் ஏறாது என்கிற வரை இழுங்கள். இந்த வகை எஞ்சின் நல்ல நிலையில் 120 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) சுற்றிக் காட்டும், ஆனால் கேஜுக்குக் கேஜ் வித்தியாசப்படும், அதனால் எண்ணைவிட இரண்டு சிலிண்டருக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 10 சதவீதத்துக்கு மேல் போனால் ஒன்று அடிபட்டிருக்கிறது.

இரண்டாவது எனக்குப் பிடித்த வேலை. சைலென்சரையும் பைப்பையும் அதற்குள் போகும் ஒய் துண்டையும் கழற்றிவிட்டால் எக்ஸோஸ்ட் துவாரம் திறந்துகொள்ளும். ஒரு டார்ச்சை அடித்து, கயிற்றை மெல்ல இழுத்து இழுத்துப் பிஸ்டன் மேலும் கீழும் போவதைப் பாருங்கள். ஹெட்டில் கை வைக்காமலே பிஸ்டனின் ஒரு பக்கம் முழுக்கத் தெரியும், ரிங்குகளும் தெரியும். மழமழவென்று இருந்தால் சந்தோஷம். நெடுக்காகக் கீறல், அலுமினியம் இழுபட்டுப் பூசியது, ரிங் இருந்த பள்ளம் உருகி மூடியது, இப்படி ஏதாவது கண்டால் மேல்பகுதி கழன்றே ஆக வேண்டும். அரை மணி நேர வேலை, பல நூறு டாலர் பேச்சை முடிவுக்குக் கொண்டுவந்துவிடும்.

ஹெட்டைக் கழற்றிய பிறகு பிஸ்டனைத் துடைத்துவிடாதீர்கள். முதலில் பல பக்கமாகப் படம் எடுங்கள், அதிலுள்ள ஒவ்வொரு கறையும் கீறலும் சாட்சி. கீறல் நாலு இடத்தில், பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின் என்ற ஊசி போகும் துளைக்கு இரண்டு பக்கமும் சமமாக இருந்தால், பிஸ்டன் சிலிண்டரைவிட வேகமாக விரிந்து பிடித்திருக்கிறது. ஆறிக் கிடந்த எஞ்சினை எடுத்த எடுப்பில் விரட்டினாலும் இப்படி வரும், கூலன்ட் நின்றுபோனாலும் வரும். எக்ஸோஸ்ட் பக்கம் மட்டும் கீறி, மேல் விளிம்பு மெழுகாக இளகியிருந்தால் லீன் கலவை. விளிம்பில் எலி கொறித்த மாதிரி சிறு சிறு பள்ளங்கள், மண் தெளித்து அடித்ததுபோல ஒரு சொரசொரப்பு என்றால் நொக்கிங் (கலவை தாறுமாறாக வெடிப்பது), அதாவது பெற்றோலின் ஒக்டேன் போதவில்லை அல்லது ஹெட்டில் சூடு மிஞ்சியது. பிஸ்டனின் பாவாடைப் பகுதி (கீழ்ப்பக்கம்) சுற்றிவரத் தேய்ந்து, கனெக்டிங் ராட் நீலம் பாய்ந்திருந்தால் ஒயில் போய்ச் சேரவில்லை. இரண்டு பிஸ்டன்களில் ஒன்றின் தலை மட்டும் கரியே இல்லாமல் கழுவித் துடைத்ததுபோலப் பளிச்சென்று இருந்தால், அந்தப் பக்கம் கூலன்ட் உள்ளே கசிந்து ஆவியாகிக் கழுவியிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, அடி இரண்டு பிஸ்டனிலும் விழுந்திருக்கிறதா, ஒன்றில் மட்டுமா என்பது. கூலன்ட் இரண்டுக்கும் பொது, அதனால் ஐஸ்தான் காரணமென்றால் இரண்டுமே ஏறக்குறைய ஒரே மாதிரி பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். மேக்னெட்டோ (மின்சாரம் உண்டாக்கும் பகுதி) பக்கத்துப் பிஸ்டன் சுத்தமாக இருக்க கிளட்ச் பக்கத்தது மட்டும் உருகியிருந்தால், பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கார்புரேட்டரையோ பூட்டையோ சீலையோதான் சந்தேகிப்பேன், ஏரியைத் திட்ட மாட்டேன்.

சிலிண்டரைப் பற்றி ஒரு நல்ல செய்தி உண்டு. இந்த எஞ்சின்களின் சிலிண்டர் அலுமினியம், உள்சுவரில் நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த நிக்காசில் பூச்சு. மிகக் கடினமானது. பிஸ்டன் பிடிக்கும்போது கிழிவது பெரும்பாலும் பிஸ்டன்தான், அதன் அலுமினியம் சுவரில் பூசிக்கொள்கிறது, பார்த்தால் சிலிண்டர் நாசமாகிவிட்டது போலத் தோன்றும். மூரியாட்டிக் அசிட், ஹார்டுவேர் கடைகளில் விற்பது, பஞ்சுக்குச்சியில் தொட்டு அந்தக் கோட்டின் மேல் மட்டும் தடவினால் நுரைத்துக்கொண்டு அலுமினியம் கரையும், பூச்சுக்கு ஒன்றும் ஆகாது. அலுமினியம் தீர்ந்ததும் நுரை நின்றுவிடும். நிற்காமல் ஓரிடத்தில் நுரைத்துக்கொண்டே இருந்தால் அங்கே பூச்சு போய்விட்டது, அசிட் சிலிண்டரையே தின்கிறது, உடனே கழுவுங்கள். இதை வெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்ய வேண்டும், துவாரங்களுக்குள் வழிய விடக்கூடாது, முடிந்ததும் பேக்கிங் சோடாத் தண்ணீரால் கழுவி, காய்ந்த கையோடு ஒயில் தடவ வேண்டும்.

பிறகு நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள், துவாரங்களின் விளிம்புகளை விசேஷமாக. நகம் எங்கும் தட்டவில்லை, சாம்பல் நிறம் விடுபடாமல் இருக்கிறதென்றால் அந்தச் சிலிண்டர் மீண்டும் ஓடும். பூச்சு உரிந்திருந்தால் பழைய இரும்பு சிலிண்டரைப் போலக் கடைந்து பெரிய பிஸ்டன் போடும் கதை இதற்கு ஒத்துவராது, மறுபடி பூச்சுப் போடும் பட்டறைக்கு அனுப்ப வேண்டும் அல்லது பாவித்த நல்ல சிலிண்டர் தேட வேண்டும். சாதாரண ஹோன் கல்லை (சிலிண்டர் சுவரைத் தேய்க்கும் கல்) எடுத்துக்கொண்டு யாராவது வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஹெட்டைத் தட்டையான கண்ணாடி மேலோ நேர்விளிம்பு வைத்தோ ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) சரிபாருங்கள், வளைந்திருந்தால் மெஷின் கடையில் சீவலாம். ஓரிங்குகளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், சூடேறிய எஞ்சினில் அவை தட்டையாகி இறுகிப்போயிருக்கும், பார்க்க நன்றாக இருந்தாலும் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள்.

இப்போது கிராங்க். மேல்பகுதி கழன்று நிற்கும்போது ஒவ்வொரு ராடையும் பிடித்து நேராக மேலும் கீழும் அசையுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு. மேல்கீழாக ஒரு டக் என்ற ஆட்டம் கூட இருக்கக்கூடாது. கிராங்கை விரலால் மெதுவாகச் சுற்றினால் மணல் அரைக்கிற உணர்வு வரக்கூடாது. டார்ச் அடித்துக் கீழே பாருங்கள்: ஆரஞ்சு நிறத் துரு தெரிந்தால், கூலன்ட் இறங்கிப் பல நாள் இருந்திருக்கிறது, அந்தப் பெயரிங்குகளை நம்ப முடியாது. ரிங் உடைந்திருந்தாலோ பிஸ்டனிலிருந்து துண்டு போயிருந்தாலோ அந்தத் துணுக்குகள் கீழே எங்கோ கிடக்கின்றன, பெற்றோல் ஊற்றிக் கவிழ்த்துக் கழுவினால் போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிராங்க் இருக்கும் கேஸைப் பிளந்தே ஆக வேண்டும், ஏனென்றால் ஊசி பெயரிங்குக்குள் ஒரு சின்ன அலுமினியத் துகள் போதும்.

இன்னொரு விஷயம் அதிகம் பேர் பார்ப்பதில்லை. இந்தக் கிராங்க் ஒரே துண்டு இல்லை, பல துண்டுகளை அழுத்திச் சேர்த்தது. முழு வேகத்தில் எஞ்சின் திடீரென்று பிடித்தால், கிளட்சின் எடை சுழல்வதை நிறுத்தாமல் கிராங்கை முறுக்கிவிடும், இரண்டு சிலிண்டருக்கும் இடையே 180 பாகை என்ற கணக்கு நழுவும். பிறகு எவ்வளவு புது பிஸ்டன் போட்டாலும் அதிரும், சீல் தின்னும். உங்கள் எஞ்சின் வேகம் குறைந்து தானாக அடங்கியது என்கிறீர்கள், அது நல்ல அறிகுறி. இருந்தாலும் டயல் கேஜ் வைத்திருக்கும் ஒருவரிடம் இரண்டு பக்க உச்சப் புள்ளியையும் கிராங்க் நுனியின் ஆட்டத்தையும் அளந்து, சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எல்லையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கெட்ட கிராங்கின் மேல் புது பிஸ்டன் போடுவது அத்திவாரம் வெடித்த வீட்டுக்குப் புது ஓடு போடுவதுதான்.

முடிவு எடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டோம். கிராங்க் நல்லது, சிலிண்டர் அசிட்டில் சுத்தமாகிவிட்டது என்றால், பிஸ்டன், ரிங், பின், பின் பெயரிங், சர்க்ளிப் (பின்னை நழுவாமல் பிடிக்கும் வளையம்), கேஸ்கெட்டுகள் சேர்ந்த செட் வாங்கி நீங்களே போடலாம், சில நூறு டாலரோடு முடியும். இரண்டு பிஸ்டனையும் மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டனா காஸ்டா (வார்த்ததா) என்று கேட்டால், சாதாரணப் பாவனைக்கு நல்ல காஸ்ட் பிஸ்டனே போதும் என்பேன், ஃபோர்ஜ்டு பலமானதுதான், ஆனால் சூட்டில் அதிகம் விரியும், அதனால் இடைவெளி கூடுதலாக வைக்க வேண்டும், தினமும் காலையில் எஞ்சினைப் பொறுமையாகச் சூடாக்க வேண்டும். போடும்போது தலையில் உள்ள அம்புக்குறி எக்ஸோஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும், ரிங்கின் வாய் பள்ளத்தில் உள்ள சின்ன ஊசியில் உட்கார வேண்டும், சர்க்ளிப் போடுவதற்கு முன் கிராங்க் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கை தவறிய சர்க்ளிப் ஒன்று உங்களைக் கேஸ் பிளக்க வைக்கும்.

கிராங்கும் கெட்டது, சிலிண்டரும் உரிந்தது என்றால் கணக்கு மாறுகிறது. கிராங்கை மறுபடி கட்டித்தரும் பட்டறைகள் உண்டு, கேஸும் கிராங்கும் சேர்ந்த ஷார்ட் பிளாக் வாங்கலாம், ஆனால் 20 வருட வண்டிக்கு இதையெல்லாம் கூட்டினால் வண்டியின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த நிலையில் நான் பாவித்த எஞ்சின்தான் தேடுவேன். ஸ்கீ-டூ என்று பெயர் இருந்தாலும் எஞ்சின் ஆஸ்திரியாவில் குன்ஸ்கிர்ஹன் ஊரில் ரோடாக்ஸ் செய்வது, உங்களுடையது 593 வகை, ஆயிரக்கணக்கான வண்டிகளில் ஓடியது, ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும். ஆனால் 593 என்ற எண் மட்டும் போதாது. கார்புரேட்டரில் ஓடியதும் இன்ஜெக்‌ஷனில் ஓடியதும், பழைய மேக்னெட்டோவும் புதியதும் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தாது, அதனால் எந்த வருடத்து எந்த மாடலிலிருந்து கழற்றியது என்று கேட்டு, உதிரிப்பாகப் பட்டியலில் எண்ணை ஒப்பிட்ட பிறகே காசைக் கையில் எடுங்கள்.

கழற்றும்போது நன்றாக ஓடியது என்று எல்லோரும்தான் சொல்வார்கள். மோதி முன்பக்கம் நொறுங்கிய வண்டியிலிருந்து வந்த எஞ்சின் என்றால் எனக்கு நம்பிக்கை கூடும், அது சாகும்போது எஞ்சினில் நோய் இல்லை. வண்டி நல்லது, எஞ்சின் மட்டும் தனியாக விற்பனைக்கு என்றால் ஏன் என்று கேட்பேன். எதுவானாலும் கேஜைக் கையோடு கொண்டுபோய்க் கம்ப்ரஷன் பார்த்து, எக்ஸோஸ்ட் துவாரத்தில் டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பார்க்க விடாத ஆளிடம் வாங்காதீர்கள். சில சமயம் தனி எஞ்சினைவிட உடைந்த முழு வண்டி மலிவாக வரும், கராஜில் இடமிருந்தால் அதுவே லாபம், கிளட்ச், கார்புரேட்டர், ஸ்கீ எல்லாம் கூடவே வரும்.

புது வண்டிக்காரர்கள் இதைப் படித்து அப்படியே செய்யக் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக ஒரு வார்த்தை. 2009 மாடலிலிருந்து வந்த ஈ-டெக் எஞ்சின்களில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் அதற்கே உரிய தரவுக் கோப்பு உண்டு, அது வண்டியின் கணினியில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும், எஞ்சினையோ இன்ஜெக்டரையோ மாற்றினால் டீலரின் மென்பொருள் தேவைப்படும், புது பிஸ்டனுக்கான கூடுதல் ஒயில் ஏற்பாட்டையும் அதில்தான் மறுபடி தொடங்கிவைக்க வேண்டும். ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் சூடேறினால் ஹெட் வளைவதும் கேஸ்கெட் போவதும்தான் பொதுவான கதை, வால்வு, செயின் என்று வேலை நீளும், வீட்டுக் கராஜுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

திரும்பப் பூட்டிய பிறகு ஸ்டார்ட் செய்யும் ஆசையை ஒரு நாள் அடக்குங்கள். கார்புரேட்டர் வாயையும் எக்ஸோஸ்ட் வாயையும் ரப்பர் அடைப்பால் மூடி, உள்ளே 6, 7 பிஎஸ்ஐ காற்றை ஏற்றி விட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது, சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். கிராங்க் சீலோ பூட்டோ கசிந்தபடி ஓட்டினால் லீன் கலவை, புது பிஸ்டன், பழைய முடிவு. கார்புரேட்டர் இரண்டையும் கட்டாயம் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள், பழைய பெற்றோலை வெளியே ஊற்றிவிட்டு ஒக்டேன் 91 பெற்றோல் புதிதாகப் போடுங்கள். ஒயில் குழாயைக் கழற்றியிருந்தால் ஒயில் பம்பில் காற்று எடுக்க மறக்கக்கூடாது, இந்த ஒரு வேலையை விட்டுப் புது எஞ்சினை முதல் மணி நேரத்திலேயே கொன்றவர்கள் உண்டு. முதல் டாங்கில் பம்ப் தரும் ஒயிலுக்கு மேலதிகமாக, பெற்றோலிலும் 50-க்கு 1 கலந்து ஓட்டுவது என் பழக்கம்.

கூலன்டில் காற்றெடுப்பது கொஞ்சம் சிரமம், எக்ஸ்சேஞ்சர் பின்னால் நீண்டு கிடப்பதால் காற்று ஒளிந்துகொள்ள இடம் நிறைய. வண்டியின் எந்தப் பக்கத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும், காற்றெடுக்கும் திருகு எங்கே என்று உங்கள் மாடலின் புத்தகத்தில் இருக்கும், அதன்படி செய்யுங்கள். பிறகு வெளியில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள், கராஜ் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு செய்யும் வேலை இல்லை இது, கார்பன் மொனொக்சைட் வாடை காட்டாது. எஞ்சின் சூடாகித் தெர்மோஸ்டாட் திறந்ததும், எஞ்சினை நிறுத்திவிட்டு, பின்பக்க எக்ஸ்சேஞ்சரைக் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் கூலன்ட் சுற்றுகிறது. எஞ்சின் கொதிக்க அது மட்டும் குளிர்ந்தே இருந்தால் காற்று அடைப்பு, தெர்மோஸ்டாட் அல்லது பம்ப், பெப்ரவரிச் சம்பவத்தின் காரணமும் அநேகமாக அதுவாகவே இருக்கும். இப்படிச் சூடாக்கி முழுக்க ஆறவிடுவதை இரண்டு மூன்று தரம் செய்துவிட்டு ஓட்டத் தொடங்குங்கள், முதல் பத்து மணி நேரம் ஒரே வேகத்தில் நீண்ட நேரம் பிடித்து வைக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள்.

அடுத்த குளிருக்கும் சிம்கோதான் போவீர்கள் என்றால் ஐஸ் ஸ்கிராச்சர் ஒரு ஜோடி வாங்கிப் பூட்டுங்கள். ஸ்பிரிங் இரும்புக் கம்பிகள், பின்னால் இழுபட்டு ஐஸைச் சுரண்டும், அந்தத் தூள் டிராக்கில் ஏறி எக்ஸ்சேஞ்சரிலும் ஸ்லைடரிலும் அடிக்கும். பின்னோக்கி எடுக்கும்போது மடங்கிக்கொள்ளாத வகை என்றால் தூக்கி மாட்டிவிட்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வளைந்துவிடும். அதையும் மீறி விளக்கு எரிந்தால், காற்று பனியைக் குவித்து வைத்திருக்கும் இடமாகப் பார்த்து வண்டியை அதற்குள் விட்டு மெதுவாக ஓட்டுங்கள், சூடு இறங்கும். அப்படி இடமே இல்லையென்றால் நிறுத்திவிட்டுத் தூண்டிலைப் போடுங்கள். டனலின் மேல் பனியை அள்ளிப் போடலாம், கொதிக்கும் ஹெட்டின் மேல் போடக்கூடாது, கூலன்ட் மூடியையும் திறக்கக்கூடாது.

இப்படியே விற்றால் என்ன கிடைக்கும் என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். ஓடாத வண்டி, காரணம் தெரியாது என்று விற்றால் வாங்குகிறவர் கிராங்க் போய்விட்டது என்ற கணக்கில்தான் விலை சொல்வார். ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன், சிலிண்டர், ராட் எல்லாவற்றையும் படம் எடுத்து, கம்ப்ரஷன் எண்ணையும் எழுதி விற்பனைக்குப் போட்டால் கிராங்க் நல்லதாக இருக்கும் பட்சத்தில் கணிசமாகக் கூடக் கேட்கலாம். அதனால் விற்பதானாலும் வைத்திருப்பதானாலும் வருகிற சனிக்கிழமை அந்த எக்ஸோஸ்ட் பைப்பைக் கழற்றுங்கள்.